ஒலிநாடாவும் மூலபாடமும்: தெட்சணாமூர்த்தியின் தவிற்பதிவுகளும் புளூஸ் இசைத்தொகுதிகளும்

ஓர் இசைக் கலைஞரின் இசைத்தொகுதி என்று கூறும்பொழுது நாம் எதனைக் குறிப்பிடுகின்றோம் என்ற வினா முதல் நோக்கில் எளிதாகத் தோன்றலாம். கவிஞர் ஒருவரின் தொகுதியை அவரே தொகுத்திருப்பார். அன்றேல், அவர் மறைந்தபின் கையெழுத்துப் பிரதிகளையும் ஏடுகளிற் சிதறிக் கிடந்தவற்றையும் கொண்டு பதிப்பாசிரியர் ஒருவர் தொகுத்திருப்பார். இருவகையிலும் எழுத்தில் அமைந்த மூலம் ஒன்றுண்டு. வாசிக்கப்பட்ட கணத்திலேயே காற்றிற் கலந்துவிடும் கலைக்கு மூலம் எது? அதனைப் பதிவுசெய்தவர் யார், எதற்காகப் பதிவுசெய்தார், எதனைப் பதிந்தார், எதனை விடுத்தார் என்பன அக்கலைபற்றிய மதிப்பீட்டை எவ்வாறு பாதிக்கின்றன? இவ்வினாக்களைத் தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் (1933-1975) ஒலிப்பதிவுகளை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசைத்தட்டுகள், சிறப்பாக ரொபேர்ட் ஜோன்சனின் (1911-1938) பதிவுகள், ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

இவ்வொப்பீடு சிலருக்கு வலிந்து செய்யப்பட்டதாகத் தோன்றக்கூடும். புளூஸ் தவிலன்று, அடிமை முறை சாதியமைப்பன்று. இரண்டையும் சமப்படுத்துவது ஆய்வாகாது. ஆயின், சமூகத்தாற் கீழ்நிலையில் வைக்கப்பட்ட மக்கட் கூட்டமொன்று தன் உழைப்பாலும் மரபாலும் வளர்த்தெடுத்த இசை, ஒலிப்பதிவு என்னும் நவீன சாதனத்தைச் சந்திக்கும்பொழுது எழும் பிரச்சினைகள் இரு சூழல்களுக்கும் பொதுவானவை. அப்பொதுமையே இங்கு நமது அக்கறைக்குரியது.

உடுவிற் பகுதிக்கு அமெரிக்கா புதியதன்று என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடக்கினர். அவர்கள் வழியாக இப்பகுதி அறிந்த அமெரிக்கா, வடகிழக்கு மாநிலங்களின் திருச்சபை அமெரிக்கா. அதன் இசை துதிப்பாடல். அதே காலத்தில் அந்நாட்டின் தெற்கே பருத்தி வயல்களில் அடிமைப்பட்டிருந்தோரின் குரல் மிஷன் கப்பலில் இங்கு வந்து சேரவில்லை. பள்ளி எழுந்த இடத்துக்கு அண்மையில், இணுவிலில், பரம்பரை பரம்பரையாகத் தவிலும் நாதஸ்வரமும் பயின்றுவந்த குடும்பங்களின் இசையும் அப்பள்ளிகளின் பாடத்திட்டத்துள் இடம்பெற்றிருக்கவில்லை. இருநூறு ஆண்டுகளின் பின்னர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கேட்பதற்கு நம்மிடம் உள்ள ஒரே வழி ஒலிப்பதிவாகும்.

மூன்று நிமிடத் தட்டு

1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டபின்னரும் அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்கள் வெள்ளை நிலவுடைமையாளரின் தோட்டங்களில் வாரக்குடிகளாகவே உழைத்தனர். கடனும் பயிரும் மாறிமாறி வந்த அவ்வாழ்க்கையின் சனிக்கிழமை இரவுகளில் உருப்பெற்றது புளூஸ். முதலடியைக் கூறி, அதனை மீளக் கூறி, மூன்றாமடியில் விடையிறுக்கும் அதன் அமைப்பு, வயலில் ஒருவர் குரலெடுக்க ஏனையோர் மறுகுரல் கொடுக்கும் தொழிற்பாடல் மரபோடு உறவுடையது. ஆடுவோர் களைக்கும்வரை பாட்டு நீளும். அடிகள் கூடும், குறையும்.

1920இல் மாமி சிமித் என்ற பாடகியின் இசைத்தட்டு பெருமளவில் விற்பனையானதும், கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவர் என்பதை நிறுவனங்கள் கண்டுகொண்டன. அம்மக்களுக்கெனத் தனி வரிசைகளில் தட்டுகள் வெளியிடப்பட்டன. கலையைப் பேணுவது அவற்றின் நோக்கமன்று; சந்தையைப் பிடிப்பதே நோக்கம். நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிட ஒலியையே கொள்ளும். எனவே பாடகர் மூன்று நிமிடத்துக்குள் தொடங்கி, வளர்த்து, முடிக்க வேண்டியவரானார். பிற்காலத்தார் பலர் தட்டிற் கேட்ட அம்மூன்று நிமிட வடிவத்தையே புளூசின் இயல்பான வடிவமெனக் கொண்டனர். கருவியின் எல்லை கலையின் எல்லையாகத் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டமைக்கு இது தக்க சான்றாகும்.

ஜோன்சன் 1936 நவம்பரிற் சான் அன்ரோனியோ நகரிலும் 1937 யூனில் டலஸ் நகரிலும் ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்தார். பதிவான பாடல்கள் 29. 1938 ஓகத்தில், இருபத்தேழாவது வயதில், அவர் இறந்தார். அவ்வாண்டு டிசம்பரில் நியூயோர்க் கார்னகி மண்டபத்திற் கறுப்பின இசையை முன்வைத்து நிகழ்ச்சி நடத்திய ஜோன் ஹமண்ட் அவரை மேடையேற்ற விரும்பியிருந்தார். ஆள் இல்லை என்றறிந்தபின் அவரது இசைத்தட்டுகள் இரண்டை மேடையில் ஒலிக்கச்செய்தார். பாடகர் நிற்க வேண்டிய இடத்திலே தட்டுச் சுழன்ற அந்நிகழ்வு, பின்னர் நடக்கவிருந்தவற்றின் முன்னறிவிப்புப்போல அமைந்துவிட்டது.

1961ஆம் ஆண்டு கொலம்பியா நிறுவனம் அவருடைய 16 பாடல்களைத் தெரிந்தெடுத்து நெடுந்தட்டாக வெளியிட்டது. அதன் உறையில் இருந்தது ஓவியமே. அவரது நிழற்படம் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 1980களிலேயே. அத்தட்டைக் கேட்டு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வெள்ளை இளைஞர் பலர் இசைக்கலைஞராயினர். 1990இல் வெளியான முழுத்தொகுப்பு, ஒரே பாடலை அவர் இருமுறை பாடிய மாற்றுப் பதிவுகளையும் சேர்த்து 41 பதிவுகளைக் கொண்டிருந்தது. பத்து இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று.

இங்கு இரு செய்திகள் கவனிக்கத்தக்கன. முதலாவது, ஜோன்சன் தம் வாழ்நாளில் இசைத்தொகுதி எதனையும் ஆக்கியவரல்லர். அவர் தனித்தனித் தட்டுகளுக்குப் பாடினார். தொகுதியைப் பிறர் ஆக்கினர். இரண்டாவது, அவரோடு ஊர்ஊராகத் திரிந்த இசைஞர்கள், அவர் தெருவிலும் விருந்திலும் அக்காலத்துப் பிரபல பாடல்கள் அனைத்தையும் பாடினார் என்றே நினைவுகூர்ந்தனர். நிறுவனத்தார் வேண்டியது புளூஸ். ஆதலால் ஏனையவை பதிவாகவில்லை. தனித்துத் திரிந்து துயர்பாடும் ஒருவர் என்ற சித்திரம் ஜோன்சனின் முழு வாழ்விலிருந்து எழுந்ததன்று. வணிகர் பதிந்தவற்றிலிருந்து 1961இன் இரசனை தெரிந்தெடுத்தவற்றால் ஆக்கப்பட்டது அது. தெரிவு என்பது ஒருவகைத் திறனாய்வே. ஆனால் தன்னைத் திறனாய்வென்று அறிவித்துக்கொள்ளாத திறனாய்வு.

பெரியமேளமும் இசைத்தட்டும்

யாழ்ப்பாணத்துக் கோயில்களின் பெரியமேளம் நாதஸ்வரம், தவில், சுருதி, தாளம் என்பவற்றால் அமைவது. பலாமரத்தைக் குடைந்து செய்யப்படும் தவிலின் வலந்தலையை விரல்களிற் கூடணிந்தும் தொப்பியைக் கழி கொண்டும் வாசிப்பர். திறந்த வெளியிலே, திருவிழாக் கூட்டத்தின் நடுவே, சுவாமி வீதிவலம் வருகையில் ஒலிப்பதற்கென்று அமைந்த வாத்தியம் இது. இணுவிற் கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சம் அசைந்துவரும் இரவொன்றை நினைத்துப்பார்ப்போர், இவ்வாத்தியத்தின் ஓங்கொலி மிகையன்று, தேவையே என்பதை உணர்வர்.

இக்கலையை வளர்த்தோர் கோயிலுக்கு இன்றியமையாதவர்களாகவும், கோயிலை ஆண்ட சமூகத்தின் கண்ணிற் சேவகம் செய்வோராகவும் ஒருங்கே இருந்தனர். வாசிப்புக்கு வியப்பும், வாசிப்பவருக்குக் குறைந்த மதிப்பும் என்ற இம்முரண்பாடு நிலவுடைமைச் சமூக உறவுகளின் வெளிப்பாடாகும். தமிழகத்தில் ரி. என். இராஜரத்தினம்பிள்ளை (1898-1956) இந்நிலையை எதிர்த்துத் தம் வர்க்கத்துக் கலைஞர்களுக்கு மேடையிலும் சபையிலும் மதிப்புக் கோரி நின்றமை யாவரும் அறிந்ததே.

அவ்விராஜரத்தினம்பிள்ளையின் தோடி இராக இசைத்தட்டு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பெற்ற செல்வாக்கும் அத்தகையதே. எனினும் தவிலின் நோக்கிற் பார்க்கும்போது இசைத்தட்டு வேறொரு செய்தியைத் தருகின்றது. மூன்று நிமிடத்துள் ஓர் இராகத்தின் சாயலைக் காட்டிவிடலாம்; தவிலின் தனியாவர்த்தனத்தைக் காட்டுதல் இயலாது. நடை மாறி, காலம் மாறி, மோராவும் கோர்வையும் வளர்ந்து தீர்மானத்தை அடைவதற்கு நேரம் வேண்டும். அன்றியும், அக்கால ஒலிவாங்கி தவிலின் வன்மையைத் தாங்கும் ஆற்றலற்றது. எனவே நாதஸ்வரம் முன்னிலையிலும் தவில் பின்னணியிலும் நின்றன. தட்டின் நடுவிலே அச்சிடப்பட்ட பெயரும் பெரும்பாலும் நாதஸ்வரக்காரர் பெயரே. வணிக ஒலிப்பதிவு, மேளத்துள் இருந்த உறவினைத் தன் வசதிக்கேற்ப மாற்றி அமைத்தது எனலாம்.

ஒலிநாடாவிற் கேட்பவை

தெட்சணாமூர்த்தி இணுவிலிலே தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்து, பின்னர் அளவெட்டியில் வாழ்ந்தவர். தமிழகம் சென்று அங்குள்ள பெருவித்துவான்கள் மத்தியில் வாசித்துப் புகழ்பெற்றார், அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தோடு அவர் தவில் இணைந்த கச்சேரிகள் யாழ்ப்பாணத்தில் இன்றும் பேசப்படுகின்றன. நாற்பத்திரண்டு வயதை எட்டுமுன்னரே 1975இல் அவர் மறைந்தார். இன்று அவருடையனவாகக் கிடைப்பவற்றுட் பெரும்பாலானவை கோயில் வீதிகளிலும் திருமண வீடுகளிலும் இரசிகர்கள் தம் கருவிகளாற் பதிந்து, பின்னர் ஒருவரிடமிருந்து ஒருவர் பிரதிசெய்துகொண்ட ஒலிநாடாக்களிலிருந்து வந்தவை. சந்தை இவற்றைப் பதியவில்லை, விருப்பம் பதிந்தது. புளூஸ் இசைத்தட்டுக்கும் இவ்வொலிநாடாக்களுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

இவ்வேறுபாட்டின் பயன் ஒலியிலே தெரிகின்றது. நாடா மூன்று நிமிடத்தில் முடிவதில்லை. தனியாவர்த்தனம் தன் முழு நீளத்துடன் கிடைக்கின்றது. தெட்சணாமூர்த்தியின் வாசிப்பிற் பலரும் போற்றுவது வேகத்தை. ஆயின் பதிவுகளை மீண்டும் மீண்டும் கேட்குமிடத்து, வேகத்தைவிட அவ்வேகத்தினுள் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே தெளிந்து நிற்பதே அவரது தனித்தன்மை என்று தோன்றுகின்றது. வலந்தலையில் விரல்கள் விரைந்தோடும்போதும் சொற்கள் ஒன்றையொன்று விழுங்குவதில்லை. அடுத்து, அவர் விடும் இடைவெளி. தாளம் ஓடிக்கொண்டிருக்கையிலே தவில் மௌனமாகி, கேட்போர் எதிர்பார்த்த இடத்துக்கு அப்பாற் சென்று மீண்டும் எழும் இடங்கள் அவர் கணக்கின் நுட்பத்தைப் புலப்படுத்துகின்றன. கணக்கு அங்கே கணக்காகத் துருத்தி நிற்பதில்லை. நாதஸ்வரம் விட்ட இடத்தின் உணர்வைத் தொடர்ந்து செல்கின்றது.

இப்பதிவுகளில் இன்னுமொன்றும் உண்டு: கூட்டம். தீர்மானம் விழும்போது எழும் ஆரவாரம், இடையிலே கேட்கும் 'ஆகா', எங்கோ அழும் குழந்தை, தொலைவில் வெடிக்கும் வெடி. ஒலிப்பதிவுத் தொழில்நுட்பர் இவற்றை இரைச்சல் என்பர். இசையின் சமூகவியலை ஆராய்வோருக்கு இவை இரைச்சலல்ல. எந்த இடத்திற் கூட்டம் மூச்சை அடக்கியது, எந்த இடத்திற் சிரித்தது என்பதை நாடா காட்டுகின்றது. கலைஞரின் அடுத்த சொற்கட்டை அக்கூட்டம் எவ்வாறு தூண்டியது என்பதையும் அதிலிருந்து உய்த்துணரலாம். சான் அன்ரோனியோ அறையிற் பதிந்த ஜோன்சனின் தட்டில் ஆடுவோரின் காலொலி இல்லை. அவர் யாருக்காகப் பாடினாரோ அவர்கள் அதில் இல்லை. இவ்வகையில் இணுவிற் கலைஞரின் ஒலிநாடா, உலகப் புகழ்பெற்ற அந்நெடுந்தட்டைக் காட்டிலும் நிறைவான சான்றாகும்.

ஆனால் குறைபாடுகளும் சிறியனவல்ல. ஒலிவாங்கி நாதஸ்வரத்துக்கு அருகில் இருந்ததா, தவிலுக்கு அருகில் இருந்ததா என்பதைப் பொறுத்துக் கலைஞரின் 'பாணி' வேறுபட்டுக் கேட்கும். வன்மையான சொற்கள் நாடாவிற் சிதைந்து, தொப்பியின் நாதம் வெறும் அதிர்வாகிவிடும். மின்கலம் தளர்ந்தால் நாடா மெதுவாக ஓடும்; அவ்வாறு பதிந்ததைச் சரியான வேகத்தில் ஒலிக்கவிட்டால் வாசிப்பு விரைந்து கேட்கும். ஜோன்சனின் தட்டுகள் உரிய வேகத்திலும் விரைவாக ஒலிக்கின்றனவா என்ற விவாதம் மேலைநாட்டில் நடந்துள்ளது. தெட்சணாமூர்த்தியின் வேகத்தைப் போற்றும் நாம் இவ்வினாவை நம் நாடாக்களிடம் எழுப்பியதில்லை. நாதஸ்வரத்தின் சுருதியை அளந்து நாடாவின் வேகத்தைச் சரிபார்க்கலாம் என்ற எளிய வழி நம்மிடம் இருந்தும் இதுவே நிலை.

அருளும் உழைப்பும்

ஜோன்சன் நள்ளிரவில் நாற்சந்தியிற் பேயிடம் தன் ஆன்மாவை விற்று வாசிப்பை வாங்கினார் என்ற கதை உலகெங்கும் பரவியது. அக்கதையை நம்புவோர், அவர் மூத்த கலைஞரொருவரிடம் பயின்றதையும், பிறருடைய இசைத்தட்டுகளை நுணுக்கமாகக் கேட்டு அவற்றிலிருந்து தம் பாடல்களைக் கட்டியமையையும் மறந்துவிடுகின்றனர். கறுப்பினத்து ஏழை ஒருவன் உழைத்தும் சிந்தித்தும் கலைஞனானான் என்பதைவிட, பேய் கொடுத்தது என்பது சிலருக்கு எளிதாக ஏற்புடையதாயிற்று.

நம்மிடையே பேய்க்குப் பதிலாகத் தெய்வம் நிற்கின்றது. தெட்சணாமூர்த்தியைப் பற்றிய பேச்சுகளில் 'தெய்வப் பிறவி', 'அருள்' ஆகிய சொற்களே மிகுந்து வருகின்றன. பக்தியின் மொழி என்ற அளவில் இதனைக் குறைகூற வேண்டியதில்லை. ஆயின் திறனாய்வின் மொழியாக இது அமையும்போது, தந்தையின் பயிற்சி, இணுவிற் குடும்பங்களின் கூட்டு அறிவு, தமிழக வித்துவான்களுடன் நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல், விரல் தடிக்கும்வரை செய்த சாதகம் என்பன அனைத்தும் மறைந்துவிடுகின்றன. கலைஞனைத் தெய்வமாக்கிவிட்டால் அவனுக்குரிய கூலியையும் மதிப்பையும் பற்றிய கேள்வி எழாது. சாதிச் சமூகத்துக்கு இது வசதியான வழிபாடு. ஒலிநாடா இவ்வழிபாட்டுக்கு மறுப்பாக அமையக்கூடியது. ஒரே கோர்வையைக் கலைஞர் வெவ்வேறு இரவுகளில் எவ்வாறு மாற்றினார், எதனைக் கைவிட்டார், எதனை வளர்த்தார் என்பதை நாடாக்களை ஒப்பிட்டே அறியலாம். வரம் திருத்தப்படுவதில்லை, உழைப்பே திருத்தப்படுவது.

ஒலிக்கு ஒரு பதிப்புமுறை

யாழ்ப்பாணம் பதிப்புக் கலைக்குப் பேர்பெற்ற மண். ஆறுமுகநாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஏடு தேடி, பாடம் ஒப்புநோக்கி, அச்சிட்ட மரபு நமக்குப் பெருமை தருவது. அம்மரபு எழுத்தை மூலமாகக் கொண்டது. எழுத்தறிவு யாரிடம் இருந்ததோ அவர்களின் ஆக்கங்களே அதனால் நிலைபெற்றன. மேளக்காரரின் சொற்கட்டு ஏட்டில் இல்லை. ஆதலால் அது நூலாகக் கருதப்படவில்லை. ஒலிநாடா கிடைத்தபின்னரும் இப்பாகுபாடு தொடர்வதற்கு நியாயமில்லை. ஏட்டுப் பிரதிக்குச் செய்ததை நாடாப் பிரதிக்கும் செய்தல் வேண்டும்.

அதன் பொருள் யாது? ஒவ்வொரு நாடாவும் எங்கே, எந்த விழாவில், எந்த ஆண்டிற் பதியப்பட்டது என்பது நிறுவப்படவேண்டும். ஒரே கச்சேரியின் வெவ்வேறு பிரதிகளை ஒப்பிட்டு, எது மூலத்துக்கு அண்மையது, எங்கே வெட்டப்பட்டது, எங்கே வேகம் திரிந்தது எனக் காணவேண்டும். நாதஸ்வரக்காரர் மட்டுமன்றி இணைத்தவில் வாசித்தவர், தாளம் போட்டவர், சுருதி பிடித்தவர் யாவரின் பெயரும் பதிவாகவேண்டும். தாளமும் நடையும் சொற்கட்டும் குறிக்கப்படவேண்டும். இவையின்றி வெளியிடப்படும் தொகுப்பு எத்துணை அழகிய உறையோடு வந்தாலும் இரசிகரின் தெரிவாகுமேயன்றிப் பதிப்பாகாது.

இப்பணி யாருடையது என்பதற்கும் புளூஸ் வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. 1941இல் மிசிசிப்பித் தோட்டமொன்றில், பின்னர் மடி வாட்டர்ஸ் எனப் புகழ்பெற்ற இளைஞரின் பாடலைக் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பதிந்தவர் அலன் லோமக்ஸ் என்றே நூல்கள் கூறிவந்தன. அவ்வாய்வில் ஒருங்கே உழைத்த கறுப்பின அறிஞர் ஜோன் வேர்க்கின் ஆய்வுரை பல்லாண்டுகள் புறக்கணிக்கப்பட்டுக் கிடந்து 2005இலேயே நூலாயிற்று. சொந்தச் சமூகத்து அறிஞரை உதவியாளராக்கிவிட்டு வெளியார் ஆய்வாளரான கதை அது. தெட்சணாமூர்த்தியின் பதிவுகளைப் பதிப்பிக்கும்போது இணுவிலிலும் அளவெட்டியிலும் வாழும் தவிற்காரர்கள் தகவலாளராக மட்டும் வைக்கப்படலாகாது. அவர்கள் பதிப்பாசிரியராதல் வேண்டும். ஒரு சொற்கட்டைக் கேட்ட மாத்திரத்தில் இது இன்னார் கை என்று கூறும் காது அவர்களிடமே உண்டு. பல்கலைக்கழகம் அதனைக் கற்க வேண்டிய நிலையிலுள்ளது.

காலதாமதத்துக்கு இடமில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. 1995இல் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது வீடுகளில் விடப்பட்டவற்றுள் ஒலிநாடாப் பெட்டிகளும் அடங்கும். அவற்றுக்காக எவரும் கணக்கெழுதவில்லை. புலம்பெயர்ந்தோருடன் சென்ற நாடாக்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் அலுமாரிகளிற் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்கலாம். நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்து அச்சுப் பிரதிகளை எண்ணிம வடிவிற் பேணிவருவது, கூட்டு முயற்சியால் எவ்வளவு இயலும் என்பதைக் காட்டியுள்ளது. அம்ஷன்குமார் 2015இல் இக்கலைஞரைப் பற்றி ஆக்கிய ஆவணப்படம் இந்தியத் தேசியத் திரைப்பட விருதைப் பெற்று, அவர் பெயரைப் புதிய தலைமுறைக்கு எடுத்துச்சென்றது. திரைப்படம் வாழ்க்கையைக் காட்டும். மூலபாடத்தை நிறுவுவது நமது கடமை. 1975இல் இருபது வயதில் வீதியில் நின்று கேட்டவர்கள் இப்பொழுது எழுபதை எட்டிவிட்டனர். 'இது இன்ன கோயிற் பூங்காவனத் திருவிழா. இணைத்தவில் இன்னார்' என்று நாடாவைக் கேட்டுச் சொல்லக்கூடியோர் அவர்களே. அவர்கள் போனபின் நாடாக்கள் எஞ்சினும் அவை முகவரியற்ற கடிதங்களாகிவிடும்.

ஜோன்சனின் இசைத்தொகுதியை, அவரை ஒருமுறையேனும் நேரிற் கண்டிராதோர் அவர் இறந்து இருபத்து மூன்று ஆண்டுகளின் பின் தம் விருப்பப்படி ஆக்கினர். தெட்சணாமூர்த்தி மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவரை நேரிற் கேட்டவர்களும், அவரது கலையைக் கையில் ஏந்தியிருப்பவர்களும் இன்னும் நம்மிடையே உள்ளனர். புளூஸ் வரலாற்றுக்கு வாய்க்காத இவ்வாய்ப்பை நாம் தவறவிடுவோமாயின், அது நாடாவின் குறையாகாது; கேட்க மறுத்த புலமையின் குறையேயாகும்.